கண்ணாடியில் ஒரு மாவுக்கை

அக்டோபர் 6

வீட்டுக்காரிக்கு,

மேலே இருக்கிற தேதி டெய்லர் போட்டது. அது அவர் வசதிக்கு. என் கணக்கில் இது ஆற்றுப்பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து பஸ்ஸெல்லாம் சுற்றுவழியில் போகிற வருஷம். மைதானத்துக் கடிகாரம் நின்றுபோய், சரிபண்ணுகிறோம் என்று கழற்றிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பி மாட்டாத வருஷம். அதைவிட முக்கியம், நம் பேக்கரி அடுப்பு அணைந்த வருஷம். கடைசியாக இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும்: நீ சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போன வருஷம். அதையும் எழுதட்டுமா என்று டெய்லர் கேட்டார். அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன் என்றேன்.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். அடுப்புக்குக் காற்று ஊதுகிற மோட்டார் என் காதைப் பாதி தின்றுவிட்டது உனக்குத் தெரியும். போனை வைத்தால் ஈ பறக்கிற சத்தம்தான் வருகிறது. எழுத்தும் தெரியாது. அதனால் எதிர்வரிசையில் டெய்லர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொல்கிறேன், அவர் எழுதுகிறார். நீ உன் தங்கை வீட்டில்தான் இருக்கிறாய் என்கிற செய்தியே இந்தக் கடைக்குத்தான் வந்தது. மகன் போன் பண்ணி டெய்லரிடம் சொல்ல, டெய்லர் என்னிடம் சொன்னார்.

எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது. அன்று காலையில் நீ சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன். "நாப்பது வருஷம் தனியாத்தான் சாப்பிட்டேன். நீங்க ராத்திரி அடுப்படி, நான் பகல்ல கடை. சரி, பேக்கரி மூடினதுக்கு அப்புறமாவது எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடலாம்னு நெனச்சேன். நீங்க திரையை இழுத்துவிட்டுட்டு பகல் பூரா தூங்கறீங்க. நான் மனுஷனோட குடித்தனம் பண்றேனா, வௌவாலோட பண்றேனா?"

நான் சொன்னதும் நினைவிருக்கிறது. "வீட்ல இருக்கிறது ஒத்தைக் கட்டில். ராத்திரி நீ படுக்கிற, பகல்ல நான் படுக்கிறேன். மாத்தச் சொன்னா எங்க போய்ப் படுக்கிறது?" இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். எழுந்தபோது நீ இல்லை. உன் பையும் பழுப்புச் சால்வையும் இல்லை.

இன்னொன்றும் எழுதச் சொல்கிறேன். அன்று இருட்டுகிற நேரத்தில் எழுந்ததும், நீ ஏதாவது வாங்கக் கடைக்குப் போயிருப்பாய், வருவதற்குள் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மேஜைமேல் கிடந்த பாத்திரங்களை எல்லாம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன். நம் குடித்தனத்தில் அது முதல் தடவை. பார்க்கத்தான் ஆள் இல்லை.

வீடு நன்றாக இருக்கிறது. நானும் அப்படியே.

கையெழுத்துக்குப் பதில் டெய்லர் என் விரலைத் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியில் தேய்த்து ஒற்றினார். நீலமாக இருந்தால் அது நான்.

---

அக்டோபர் 15

நம் மகனுடைய அப்பாவுக்கு,

டெய்லர் தம்பி, இதை நீங்கள் கத்தித்தான் வாசித்தாக வேண்டும், அது எனக்குத் தெரியும். கடையில் ஆள் இருந்தால் அவர்கள் போகும்வரை பொறுத்து வாசியுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டுத்தான் போனேன். நமக்குள் எப்படிச் சொல்லுவோமோ அப்படிச் சொல்லிவிட்டுப் போனேன். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டேன். கூட்டுகிறவர் என் காலைத் தூக்கச் சொல்லிவிட்டுப் பெஞ்சுக்கடியில் கூட்டினார். அவருக்கே என்னைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், டீ வேண்டுமா என்று கேட்டார். கடைசி பஸ்ஸில்தான் ஏறினேன். நீங்கள் வரவில்லை. பார்த்துவிட்டும் வரவில்லை என்றால் அதற்குமேல் நான் கேட்க ஒன்றும் இல்லை.

தங்கை வீட்டில் எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் அவளும் பூனையும். அவள் புருஷன் போனபிறகு இந்த வீடு அவளுக்குப் பெரிதாகிவிட்டது.

குளிர் இறங்குவதற்குள் வாசல் குழாய்க்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். போன வருஷம் வெடித்தது. படுக்கையறை ஜன்னல் சட்டத்தில் கீழ்ப்பக்கம் இடைவெளி இருக்கிறது, என் பழைய பாவாடையைக் கிழித்துத் திணியுங்கள். உங்கள் கம்பளிச் சட்டை பெட்டியின் அடியில் இருக்கிறது. மேலாகத் தேடிவிட்டு இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் அக்கறையில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். குழாய் வெடித்தால் கீழ்வீட்டுக்காரர்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

மகனின் அம்மா

---

அக்டோபர் 24

வீட்டுக்காரிக்கு,

ஆள் போகும்வரை டெய்லர் பொறுத்தார், ஆனால் பட்டன் வாங்க வந்த அம்மாள் பட்டனை எடுத்துக்கொண்ட பிறகும் நகரவில்லை. முழுவதும் கேட்டாள். உன் பக்கம்தான் நியாயம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

'நமக்குள் சொல்லுகிற விதம்' என்று எழுதியிருக்கிறாய். நமக்குள் சொல்லுகிற விதத்தை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். அதை ஆரம்பித்தவனே நான். நம் கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம், ரயில் வண்டி கரியிலிருந்து டீசலுக்கு மாறிய வருஷம். நான் அடுப்படியிலிருந்து விடிந்து வெளியே வருகிறபோது நீ வாசலில் கடைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாய். புதிதாக வேலைக்கு வந்திருந்தாய். பேச வழியில்லை, முதலாளி அம்மா கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நீ துடைத்து முடித்த கண்ணாடியில் என் மாவுக்கையை அழுத்தி வைத்துவிட்டுப் போவேன். நீ மறுபடி துடைக்க வேண்டும். "துடைச்ச கண்ணாடியில கை வைக்கிறது யாரு?" என்று முதல் தடவை கத்தினாய். பிறகு கத்தவில்லை. பிறகு ஒருநாள் நான் வைக்காமல் போனதற்கு முறைத்தாய். அடுப்படியில் எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்ததே, உனக்குக் கண்ணாடிக்காரி என்று வைத்தது யார் என்று இன்றுவரை கேட்கிறாய். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்றாய், விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறம் கண்ணாடிக்குப் பதில் மேஜை. நான் வருகிறபோது நீ கிளம்பியிருப்பாய். எனக்குச் சீட்டு எழுதிவைத்துப் பிரயோஜனம் இல்லை. அதனால் டம்ளர் கவிழ்ந்து கிடந்தால் பால் தீர்ந்தது. டம்ளருக்குள் கரண்டி நின்றால் பையனுக்கு உடம்பு சரியில்லை. என் நாற்காலியில் உன் சால்வை கிடந்தால் வெளியே குளிர், போர்த்திக்கொண்டு போ. வேறு எந்தப் புருஷன் பெண்டாட்டி இப்படி இருந்தார்கள் என்று தெரியாது. நாம் இருந்தோம்.

அன்று மேஜையில் நீ ஒன்றும் வைக்கவில்லை. வைத்தது ஒன்றே ஒன்று, அதையும் மேஜையில் வைக்கவில்லை. எச்சில் தட்டு எல்லாம் கழுவி முடித்துத் தொட்டித் தண்ணீரைச் சாய்த்தபோது அடியில் உன் வீட்டுச் சாவி கிடந்தது. கோபம் இருந்தால் என் முகத்தில் எறிந்திருக்கலாம். ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை வருஷம் இடுப்பில் செருகியிருந்த சாவியை எச்சில் பாத்திரத்தோடு போட்டுவிட்டுப் போக உனக்கு மனசு எப்படி வந்தது? அதைத் துடைத்து வைத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது டெய்லருக்குத் தெரியும்.

குழாய்க்குச் சாக்குக் கட்டினேன். சட்டை அடியில்தான் இருந்தது.

உன் வீட்டுக்காரன்

---

நவம்பர் 3

நம் மகனுடைய அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தங்கை ஈரக்கையோடு ஓடிவந்தாள். சிரித்து முடித்து அழுதேன். அவள் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டினாள்.

டெய்லர் தம்பி, இதை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள்.

நான் சாவியைத் தொட்டியில் போடவில்லை. மேஜையில், உங்கள் தட்டுக்கு எதிரே, டம்ளரைக் கவிழ்த்து அதற்கடியில் வைத்தேன். நினைவு வருகிறதா? மகன் பிறந்த அன்று எனக்கு வலி எடுத்தபோது வீட்டில் யாரும் இல்லை. கிளம்புகிற அவசரத்தில் டம்ளரைக் கவிழ்த்துச் சாவியை அடியில் தள்ளிவிட்டுப் போனேன். அப்படி ஒரு அடையாளம் அதற்கு முன் நமக்கு இல்லை. ஆனால் நீங்கள் பார்த்ததும் புரிந்துகொண்டு, முழங்கை வரைக்கும் மாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தீர்கள். நர்ஸ் உள்ளே விடமாட்டேன் என்றாள். அதற்கப்புறம் எனக்கு அம்மா தவறியபோது ஒருமுறை வைத்தேன். அப்போதும் வந்தீர்கள். பின்னாலேயே வா என்று அதற்கு அர்த்தம் என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை, பேச வேண்டியிருக்கவில்லை.

அன்றும் அதைத்தான் வைத்தேன். சண்டை போட்டுவிட்டுப் போகிறவள் பின்னாலேயே வா என்று சொல்லிவிட்டுப் போகிறாள், இதைவிட வெட்கம் கெட்டவள் உண்டா? அதை நீங்கள் இருட்டில் கையால் வழித்துத் தொட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறீர்கள். சாவி விழுந்த சத்தம் உங்கள் காதுக்குக் கேட்டிருக்காது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒருநாள் பாத்திரம் தேய்த்தீர்கள். அந்த ஒருநாள் பார்த்துத் தேய்த்தீர்களே.

சரி. சாவி விஷயம் தீர்ந்தது. சாப்பாட்டு விஷயம் தீரவில்லை.

இங்கே காலையில் நானும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அவள் ரொட்டியை மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. சிறுவயதில் அந்தச் சத்தத்துக்காக அவளை அடித்திருக்கிறேன். இப்போது எதிரே ஒரு ஆள் மெல்லுகிற சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யார் நினைத்தது? பேசக்கூட வேண்டாம். அங்கே வந்தால் மறுபடி திரையும் குறட்டையும்தான் என்றால், எனக்கு இங்கேயே இருக்கலாம்.

பகலில் விழித்திருக்க உங்களால் முடிந்தால் எழுதுங்கள். பொய் வேண்டாம், டெய்லரிடம் தனியாக விசாரிப்பேன்.

மகனின் அம்மா

---

நவம்பர் 20

வீட்டுக்காரிக்கு,

உன் அம்மா தவறிய அன்று டம்ளரின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது வரை எனக்கு நினைவிருக்கிறது. அதைப் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை. அதற்கு நான் என்ன சொல்ல? பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்ததை நினைக்கிறபோது சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. அதோடு விடுகிறேன், டெய்லர் மூக்கை உறிஞ்சுகிறார். ஜலதோஷம் என்கிறார்.

விழித்திருப்பது பற்றி. சாப்பிட்டதும் கண் சொருகுகிறது. அதனால் இந்தக் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன், துணி மடித்துக் கொடுக்கிறேன். முதல் தடவை இஸ்திரி போட்டு அடுக்கிய கால்சட்டைகள்மேல் தலையைச் சாய்த்துவிட்டேன். எழுந்தபோது கன்னத்தில் நேர்கோடாக ஒரு மடிப்பு. டெய்லர் என்னைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி, "இந்த மடிப்பு இனி நாலு நாளைக்குப் போகாது, நம்ம இஸ்திரி அப்படி" என்றார். அடுத்து நடந்து பார்த்தேன். நடக்கிறவன் தூங்க முடியாது. தெருவில் இலை குவிந்து கிடக்கிறது, காலை இழுத்து நடந்தால் ஒரு சத்தம் வருகிறது, அது என் காதுக்கே கேட்கிறது.

பகல் எனக்குப் பழக்கமில்லாத ஊர் மாதிரி இருக்கிறது. நம் தபால்காரருக்கு மீசை நரைத்துவிட்டது உனக்குத் தெரியுமா? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவருடைய கல்யாணத்தன்று பார்த்த முகம்தான். பிறகு நேற்று ஒன்று கண்டுபிடித்தேன். நம் சமையலறைச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில், காலையில் கொஞ்ச நேரம் வெயில் விழுகிறது. ஒரு பலகை அகலம்தான். நீ ஏன் அந்த முக்காலியை வழியை அடைத்துக்கொண்டு அங்கேயே போட்டிருந்தாய் என்று இத்தனை வருஷம் காலில் இடித்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். நேற்று அதில் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு சூடாகும்வரை எழுந்திருக்கவில்லை.

இரவுதான் கஷ்டம். கை தானாக மாவு தேடுகிறது. அதற்கும் ஒரு வழி செய்திருக்கிறேன். பேக்கரியில் பிசைகிற வேலை பார்த்தாரே, பிசையல், அவருக்கும் தூக்கம் இல்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக் களைத்துவிட்டு வருகிறேன். அவருக்கு இருமல் அதிகமாகிவிட்டது. உன்னைக் கேட்டார். போய்விட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

கட்டில் பற்றிக் கேட்பாய். இளவயதில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அணைகிற ஒரு இரவு மட்டும் நாம் இரண்டுபேரும் வீட்டில் இருப்போம். அப்போது அந்த ஒற்றைக் கட்டில் இரண்டு பேருக்குப் பெரிதாகவே இருந்தது. இதை எழுத வேண்டாம் என்று டெய்லரிடம் சொன்னேன், எழுதிவிட்டார் போலிருக்கிறது, சிரிக்கிறார். இப்போது நாம் இருவரும் பெருத்துவிட்டோம். கட்டில் விஷயமாக ஒன்று நடக்கிறது. அதை இப்போது சொல்ல மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்

---

டிசம்பர் 8

நம் மகனுடைய அப்பாவுக்கு,

முக்காலியைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். அந்த வெயில் பிப்ரவரியில் இன்னும் அகலமாகும். அப்போது இரண்டு பேர் உட்காரலாம், நெருக்கி.

அதற்குள் இங்கே ஒரு சங்கடம். வாசற்படியில் தண்ணீர் உறைந்திருந்தது தெரியாமல் தங்கை வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். தலைகூட நான்தான் வாரிவிடுகிறேன். மலைப்பாதையும் பனியில் மூடி மூடித் திறக்கிறது.

அதனால் இன்னும் கொஞ்சகாலம் நான் இங்கே இருந்தாக வேண்டும். அதற்குமேலும் ஒன்று இருக்கிறது. என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். பின்பக்க அறையை எனக்குத் தருகிறாளாம். கிழக்கு பார்த்த அறை, நல்ல வெயில், நல்ல கட்டில். "அங்க போயி யாரோட பேசப்போற? அவரு காதும் கேக்காது, கண்ணும் தெறக்காது. இங்க இரு. நமக்கும் வயசாகுது" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி அந்த அறையைக் கேட்டிருக்கிறாள். ஜனவரி முடிவதற்குள் இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்கள் சொல்லைத் தெரிந்துகொண்டுதான் நான் பதில் சொல்லுவேன்.

மகனின் அம்மா

---

டிசம்பர் 21

வீட்டுக்காரிக்கு,

உன் தங்கை கை குணமாகட்டும். கட்டுப் பிரித்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடு. அவள் சொல்லுவதிலும் தப்பில்லை. அறை கிழக்கு பார்த்து இருந்தால் நல்லது. வெயில் உனக்கு ஒத்துக்கொள்ளும். அங்கே இருக்கவேண்டும் என்று தோன்றினால் இரு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. டெய்லர் இருக்கிறார், பிசையல் இருக்கிறார். இப்போதெல்லாம் இரவில் தூங்குகிறேன், பகலில் விழித்திருக்கிறேன், அதனால் பழையபடி யாருக்கும் தொந்தரவில்லை.

வேறு ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரன்

அம்மா, இதற்குக் கீழே எழுதுவது நான், டெய்லர். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். சொல்லாததையும் எழுதாவிட்டால் எனக்கு ஊசி ஓடாது. பேக்கரியை இடித்தபோது ரொட்டி அடுக்குகிற பலகைகளைக் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்து, தச்சரைக் கூட்டிவந்து, உங்கள் கட்டிலை இருவர் படுக்கிற அகலத்துக்கு ஆக்கியிருக்கிறார். வீட்டில் இருந்த இரண்டு போர்வைகளையும் என்னிடம் கொடுத்து ஒன்றாகத் தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஓரமாகப் படுத்த சுருக்கம் மட்டும் இருக்கிறது. மற்றப் பாதி நான் மடித்துக் கொடுத்த மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன்.

---

ஜனவரி 6

ஒரு குறையும் இல்லாதவருக்கு,

டெய்லர் தம்பி, உங்கள் ஊசி நன்றாக ஓடட்டும். நீங்கள் எழுதியதை அவரிடம் சொல்லிவிடுங்கள், நான் ஒளித்து வைத்துப் பேசமாட்டேன்.

எந்தப் பக்கம் எனக்கு? உள்பக்கமா, வெளிப்பக்கமா? நாற்பது வருஷம் கட்டில் நடுவில் படுத்தவள் நான். பக்கம் என்று ஒன்று எனக்குத் தெரியாது. சுவர்ப்பக்கம் நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஜன்னல் காற்று ஆகாது. பாவாடையை ஒழுங்காகத் திணித்தீர்களா?

அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தைத் தங்கை கேட்டுவிட்டு, "நல்ல மனுஷன்டீ, உன் இஷ்டத்துக்கு விட்டுட்டாரு" என்றாள். எனக்கு எரிந்தது. இரு, குறையில்லை, தொந்தரவில்லை என்பதெல்லாம் விருந்தாளியிடம் சொல்லுகிற பேச்சு. யாரோ பலகை சுமந்தார், யாரோ போர்வை தைத்தார், அதை எனக்குச் சொல்ல ஊரார் வேண்டும். நான் என்ன கேட்டேன்? உங்கள் சொல்லைக் கேட்டேன்.

பிள்ளை பெறப்போகிறபோது நான் சாவி வைத்தேன். அம்மா தவறியபோது நான் வைத்தேன். சண்டை போட்டபோதும் வெட்கத்தைவிட்டு நான்தான் வைத்தேன். பின்னாலேயே வா என்று இந்தக் குடித்தனத்தில் கேட்டதெல்லாம் நான். நீங்கள் ஒரு தடவையும் வைத்ததில்லை. உங்களுக்கு நான் எங்கேயும் போகமாட்டேன் என்று நினைப்பு.

தங்கைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது, ஜடை அவளே போட்டுக்கொள்கிறாள், கோணலாக. பாதையும் திறந்துவிட்டது. மாத முடிவில் டீச்சர் அறையைப் பார்க்க வருகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்லுவது என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஒரு தடவை நீங்கள் வையுங்கள்.

மகனின் அம்மா என்று எழுதக் கை போனது. எழுதவில்லை.

---

ஜனவரி 24

வீட்டுக்காரிக்கு,

பதில் தாமதம். பிசையல் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் உன்னைக் கேட்டார். "ஊருக்குப் போனவ இன்னும் வரலியா?" என்றார். வருவாள் என்றேன். "நீ கூப்பிட்டியா?" என்றார். நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். "இத்தன வருஷம் உன்கூட மாவு பிசைஞ்சேன். நீ தண்ணி வேணும்னாகூட வாயத் தொறந்து கேக்கமாட்ட. நானா பாத்து ஊத்தணும்" என்று சொல்லிச் சிரித்து, இருமி, படுத்துக்கொண்டார். காலையில் அவர் மகள் வந்து சொன்னாள்.

போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். தோள் கொடுக்கப் பேக்கரி ஆட்கள் யாராவது வருவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து வெயிலில் முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். எழுதத் தெரிந்தவனாக இருந்தால் அப்போதே எழுதியிருப்பேன். எழுந்து வாசலுக்கு வந்து இந்தக் கடைக்கு நடப்பதற்குள் மறுபடி விருந்தாளிப் பேச்சாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால் முதலில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு அப்புறம் வந்தேன்.

மேஜையில் உன் தட்டு வைக்கிற இடத்துக்கு எதிரே டம்ளரைக் கவிழ்த்திருக்கிறேன். அடியில் உன் சாவி. அதற்குப் பக்கத்தில் நான் பாத்திரம் வைப்பதில்லை, கழுவுவதாக இருந்தால் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை எடுக்கிறேன்.

இவ்வளவு தூரத்திலிருந்து உனக்கு அது தெரியாது. அதனால் வாயாலும் சொல்கிறேன். டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டுப் பேனாவோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டன்கார அம்மாளும் இருக்கிறாள். இருக்கட்டும்.

வா.

ஒத்தாசைக்கு இல்லை, சமையலுக்கு இல்லை. காலையில் ரொட்டியை நான் சுடுகிறேன், எதிரே உட்கார். எனக்குப் பல் மூன்று போய்விட்டது, மெல்லுகிற சத்தம் முன்னைப்போல இருக்காது, இருந்தாலும் உனக்குக் கேட்கும். சுவர்ப்பக்கம் உனக்கு. நான் ஜன்னல்பக்கம் மாறிப் படுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். உன் தங்கையைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்கச் சொல். வெயில் காலத்தில் அவள் இங்கே வந்து இருக்கட்டும், பழைய கட்டில் சட்டம் மிச்சம் இருக்கிறது, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். அறையை டீச்சருக்குக் கொடுத்தால் அவளுக்கும் எதிரே மெல்ல ஒரு ஆள் ஆகும்.

ஆற்றுப்பாலத்துத் தூணைச் சரிபண்ணிவிட்டார்கள். பஸ் நேர்வழியில் வருகிறது. சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய் டிக்கெட் ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்காருவேன். வருகிற பஸ்ஸெல்லாம் பார்ப்பேன். கூட்டுகிறவர் காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவேன். கடைசி பஸ் போகும்வரை எழுந்திருக்க மாட்டேன், அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டால் அடுத்த சனிக்கிழமை.

இந்தக் கடிதத்தில் விரல் வைக்க மாட்டேன் என்று டெய்லரிடம் சொல்லிவிட்டேன். மாவைக் குழைத்துக் கையை வைக்கிறேன் என்றேன். காகிதத்தில் நிற்காது, போகிற வழியில் உதிர்ந்துவிடும் என்றார். அதனால் காலையில் நம் வாசல் ஜன்னலை நானே துடைத்தேன். பழைய பேப்பரை நனைத்து, நீ துடைக்கிற மாதிரி மேலிருந்து கீழே. பளிச்சென்று ஆனதும் கையை மாவில் தோய்த்து நடுவில் அழுத்தி வைத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். துடைக்கட்டுமா என்று கீழ்வீட்டுக்காரி கேட்டாள். வேண்டாம், அதற்கு ஆள் இருக்கிறது என்றேன்.

அடுப்படியில் நம்மோடு இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். முதலாளி அம்மா, ஊர் முழுக்க மின்சாரம் நின்று நாம் விறகில் ரொட்டி சுட்ட குளிர்காலத்தில் போனாள். மாவைத் துண்டுபோட்டாரே, கத்தி, அவர் ரயில் பாதைக்குக் கேட் போட்ட வருஷம். வீடுவீடாக ரொட்டி கொண்டுபோன சைக்கிள்மணி, பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த கோடையில். அவர் சைக்கிளை மணி அடிக்காமல் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தோமே, நீயும் வந்தாய். இப்போது பிசையல், மைதானத்துக் கடிகாரத்தைத் திருப்பி மாட்டிய வாரம். என்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆளைக் கூப்பிடுகிறவன் தன்னை எண்ணக் கூடாது. என்னை விட்டால் அந்தப் பேக்கரியில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான்: கண்ணாடிக்காரி.